எண்பது பிரதிகள்

பட்டதாரி ஆசிரியர் (சமூக அறிவியல்), உளுந்தூர்பேட்டை

தமிழில் 'ஆசிரியர்' என்ற சொல்லுக்கு இரண்டு பணிகள். வகுப்பில் பாடம் நடத்துபவரும் ஆசிரியர். எந்தச் செய்தி அச்சேற வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்பவரும் ஆசிரியர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பத்தாம் வகுப்பில் 'தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம்' பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இந்த ஒற்றுமை எனக்கு நினைவுக்கு வரும். அந்தப் பாடத்தில் பெயர் வரும் பத்திரிகை ஆசிரியர்கள் சிலர், அதற்கு முன் நம்மைப் போலக் கரும்பலகை முன் நின்றவர்கள்.

பாடநூலில் பத்திரிகைகளுக்குச் சில வரிகள்தாம் கிடைக்கின்றன. மாணவர்களும் அதை ஒரு மதிப்பெண் வினாவாகவே பார்க்கிறார்கள். 'தி இந்து', 1878, ஜி. சுப்பிரமணியம். பொருத்துக பகுதிக்கு இது போதும். ஆனால் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "பேப்பர் எழுதினா வெள்ளைக்காரன் ஏன் சார் பயப்படணும்?" நியாயமான கேள்வி. துப்பாக்கியும் படையும் கஜானாவும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் நான்கு பக்கத் தாள். அந்தத் தாளுக்குச் செல்வாக்கு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தப் பாடத்தைக் கடந்துவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது.

ஒன்றே முக்கால் ரூபாய் கடன்

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டார். தஞ்சைப் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் கிராமக் கணக்கு வேலையில் மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கியவர் அவர். (மாணவர்களிடம் இதைச் சொல்லத் தவறாதீர்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் அவருடைய சிலைக்குப் பின்னால் இந்த ஒரு ரூபாய் இருக்கிறது.) ஓர் இந்தியர் அந்த நாற்காலியில் அமர்வதை அன்று சென்னையில் ஆங்கிலேயர்கள் நடத்திய பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. பதில் சொல்ல இந்தியர்கள் கையில் செல்வாக்குள்ள பத்திரிகை எதுவும் இல்லை.

ஆறு இளைஞர்கள் சேர்ந்தார்கள். நான்கு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள். மற்ற இருவர், ஜி. சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும், ஆசிரியர்கள். கையில் பணம் இல்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, கறுப்பர் நகரம் என்று அப்போது அழைக்கப்பட்ட பகுதியில், தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து'வின் முதல் இதழை அச்சடித்தார்கள். வாரம் ஒருமுறை வரும் இதழ். விலை நான்கு அணா. அச்சிட்டது 80 பிரதிகள்.

எண்பது! நம் பள்ளியில் இரண்டு பிரிவு மாணவர்களுக்குக் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

செல்வாக்கையும் விற்பனையையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். எண்பது பிரதி யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதே முக்கியம். வழக்கறிஞர், நகராட்சி உறுப்பினர், கல்லூரிப் பேராசிரியர், அரசு அதிகாரி என்று பிறரிடம் பேசக்கூடியவர்கள் கையில் அது சேர்ந்தது. அதைவிட முக்கியமாக, அரசாங்கமே பத்திரிகைகளைப் படித்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளில் என்ன எழுதுகிறார்கள் என்று ஒவ்வொரு வாரமும் ஆங்கிலத்தில் சுருக்கம் தயாரித்து அதிகாரிகளுக்கு அனுப்ப, சென்னை மாகாண அரசு மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருந்தது. அந்த அறிக்கைகள் இன்று ஆய்வாளர்களுக்குப் புதையல். சிறு ஊரில் நடந்த தாசில்தாரின் அடாவடி ஒரு தமிழ் இதழில் வெளிவந்தால், அது ஆங்கிலமாகி உயர் அதிகாரியின் மேசைக்குப் போகும். மனு கொடுத்தால் கிடப்பில் போடலாம். அச்சில் வந்துவிட்டால் அது ஊருக்குத் தெரிந்த விஷயம்; அதற்கு விளக்கம் கேட்பார்கள். அந்த மாணவிக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்.

'தி இந்து' 1883இல் வாரம் மும்முறை இதழாகி, 1889இல் நாளிதழானது. இதற்கிடையில் 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய காங்கிரசின் முதல் மாநாட்டில், 72 பேர் அமர்ந்திருந்த அவையில், முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சுப்பிரமணிய ஐயர். இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஒரு ஆணையம் வேண்டும் என்பது தீர்மானம். எண்பது பிரதியில் தொடங்கியவர் ஏழே ஆண்டுகளில் ஒரு தேசிய இயக்கத்தின் முதல் குரலாக எழுந்து நின்றார்.

ஆங்கிலம் போதாது என்று உணர்ந்தவர்

சுப்பிரமணிய ஐயரின் பெரிய காரியமாக நான் கருதுவது 'தி இந்து'வை அல்ல, 'சுதேசமித்திர'னைத்தான். ஆங்கிலம் படித்தவர்களிடம் மட்டும் அரசியல் பேசிப் பயனில்லை என்று அவர் 1882இல் தமிழில் இதைத் தொடங்கினார். 1898இல் 'தி இந்து'வை விட்டு விலகி முழு உழைப்பையும் தமிழ் இதழுக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டே, 1899இல், அது நாளிதழானது.

விலகியதற்குப் பின்னால் சமூகச் சீர்திருத்தம் பற்றிய கருத்து வேறுபாடும் இருந்தது. இளம் வயதில் கணவனை இழந்த தம் மகளுக்கு அவர் 1889இல் மறுமணம் செய்து வைத்தார். தலையங்கத்தில் எழுதியதை வீட்டில் செய்து காட்டினார். உறவும் சாதியும் அவரை ஒதுக்கின. அன்றைய சென்னையில் அதற்கு என்ன விலை என்பதை இன்று நாம் எளிதில் கற்பனை செய்ய முடியாது. எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு மாணவிகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது. காங்கிரஸ் தீர்மானத்தைவிட அவர்கள் இதைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரைச் சுப்பிரமணிய ஐயர் சென்னைக்கு அழைத்து உதவி ஆசிரியர் ஆக்கினார். அவர் பாரதியார். ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது பாரதியாரின் வேலை. தினமும் கெடுவுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய அந்த வேலைதான் அவர் உரைநடைக்குப் பட்டறையாக அமைந்தது என்பது என் எண்ணம். 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அவர் கருத்துப்படங்களையும் வெளியிட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியுமே! 1908இல் சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். மாணவியின் கேள்வியை இங்கே திருப்பிக் கேட்கலாம்: பயம் இல்லாவிட்டால் ஏன் கைது?

ஒரு பிரதியை ஒருவர் மட்டும் படிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திண்ணையில் ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த காலத்தில் செய்தி பரவிய வழி அதுதான். இன்றும் நம் ஊர் டீக்கடைப் பெஞ்சில் ஒரே பேப்பரின் தாள்களை நாலு பேர் பிரித்து வைத்துக்கொண்டு படிப்பதைப் பார்க்கலாம். விளையாட்டுப் பக்கம் கையில் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி.

கட்சிக்குப் பெயர் வைத்த பத்திரிகை

அமெரிக்காவில் 'நியூயார்க் டைம்ஸ்', 'வாஷிங்டன் போஸ்ட்' போன்ற நாளிதழ்கள் அரசியலை அசைத்ததை உலகமே பேசும். 1971 ஜூன் 13 முதல், வியட்நாம் போர் பற்றி அரசு மறைத்து வைத்திருந்த ஆவணங்களை 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டது. அரசு தடை கேட்டு நீதிமன்றம் போனது. அதே மாதம் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் பத்திரிகைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' விடாமல் துருவிய வாட்டர்கேட் விவகாரத்தின் முடிவில், 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலகினார்.

பெரிய சாதனைகள்தாம். ஆனால் ஒரு பத்திரிகையின் பெயரே ஆளும் கட்சியின் பெயராக மாறிய கதை நம்முடையது. பிராமணரல்லாதார் உரிமைக்காக 1916இல் தொடங்கிய அமைப்பின் முறையான பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். அந்தச் சங்கம் மூன்று மொழிகளில் பத்திரிகை நடத்தியது: தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திர பிரகாசிகா', ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்'. 1917 பிப்ரவரி 26 அன்று வெளிவரத் தொடங்கிய 'ஜஸ்டிஸ்' அவ்வளவு பேசப்பட்டதால், மக்கள் சங்கத்தின் நீண்ட பெயரை விட்டுவிட்டு 'ஜஸ்டிஸ் கட்சி' என்றார்கள். நீதிக்கட்சி என்று நாம் பாடம் நடத்துவது அந்தப் பத்திரிகைப் பெயரின் தமிழாக்கம்தான்.

1920 தேர்தலில் வென்று அமைந்த நீதிக்கட்சி அரசின் முதல் முதன்மை அமைச்சர் கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியார். உளுந்தூர்பேட்டையும் கள்ளக்குறிச்சியும் அடங்கிய பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர். நம் மாணவர்களிடம் "நம்ம ஜில்லாக்காரர்" என்று தாராளமாகச் சொல்லலாம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது வரலாற்றை மாற்றிவிடாது.

அதே 1917இன் இறுதியில் 'தேசபக்தன்' நாளிதழ் வந்தது. அதன் ஆசிரியர் திரு.வி.க., அதற்கு முன் வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர். வடமொழியும் ஆங்கிலமும் மண்டிக் கிடந்த பத்திரிகை நடையைத் தமிழாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அக்கிராசனர் தலைவரானதும், காரியதரிசி செயலாளரானதும், அபேட்சகர் வேட்பாளரானதும் பல பத்திரிகைகள், பல ஆண்டுகள் செய்த வேலை. பழைய சொற்களைப் பலகையில் எழுதி, இன்றைய சொல் எது என்று கேட்டுப் பாருங்கள். 'அபேட்சகர்' என்றதும் வகுப்பே சிரிக்கும். நாம் இன்று அரசியல் பேசும் தமிழ் பாதி அச்சகங்களில் உருவானது என்பது அப்போது புரியும்.

பிறகு வந்தவற்றை விரைவாகவே சொல்கிறேன். 1925இல் ஈரோட்டிலிருந்து பெரியாரின் 'குடி அரசு'. 1942இல் அண்ணாவின் 'திராவிட நாடு'. அதே ஆண்டு கலைஞரின் 'முரசொலி'. 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'தினமலர்', திருவிதாங்கூரில் இருந்த தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று குரல் கொடுத்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது.

'தினத்தந்தி'க்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். 1942 நவம்பரில் மதுரையில் அதைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் வெளிநாட்டில் சட்டம் படித்த வழக்கறிஞர். ஆனால் அவர் குறிவைத்த வாசகர் புதிதாக எழுத்துக் கூட்டத் தொடங்கியவர். சின்ன வாக்கியம், பெரிய எழுத்துத் தலைப்பு, பேசுகிற தமிழ். தந்தி படித்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன் என்று சொல்லும் பெரியவர்கள் நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். நம் 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் நாம் செய்ய முயல்வதை அந்த நாளிதழ் சலூன் கடையிலும் டீக்கடையிலும் செய்தது. ஓட்டுப் போடுபவர் எல்லோரும் படிக்கும் ஒரு தாள் வந்தபின் அரசியல்வாதிகள் பேசும் முறையும் மாறியது. 1967இல் ஆட்சி மாறியபோது முதலமைச்சர் நாற்காலியில் பத்திரிகை ஆசிரியரான அண்ணா. சட்டப்பேரவைத் தலைவர் நாற்காலியில் ஆதித்தனார்.

சட்டம் என்ன சொல்கிறது

ஒன்பது, பத்தாம் வகுப்புக் குடிமையியலோடு இதை இணைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் (1791) பத்திரிகைச் சுதந்திரத்தைப் பெயர் சொல்லியே காக்கிறது. நம் அரசமைப்பில் பத்திரிகை என்ற சொல்லோடு தனிப் பிரிவு இல்லை. 19(1)(அ) தரும் பேச்சுரிமை, கருத்துரிமைக்குள் அது அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்தத் தொடக்க கால வழக்கே நம் மாநிலத்துக்கு எதிரானது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னை மாகாணம் தடை விதித்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், தடை செல்லாது என்று 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது.

அடுத்த ஆண்டே நம் அரசமைப்பின் முதல் திருத்தம். அமெரிக்காவின் முதல் திருத்தம் சுதந்திரத்துக்கு வேலி கட்டியது. நம்முடையது பேச்சுரிமை மீது விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளில் 'பொது ஒழுங்கு' போன்றவற்றைச் சேர்த்தது, அவை நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதே திருத்தத்தில்தான் இடஒதுக்கீட்டுக்கு வழிவகுத்த 15(4) பிரிவும் வந்தது. அதற்குக் காரணம் நீதிக்கட்சி காலத்தில் வேர்கொண்ட வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் வந்த தீர்ப்பு. சென்னையிலிருந்து போன இரண்டு வழக்குகள், ஒரே திருத்தம். இரண்டு பாடங்களையும் ஒரே பாடவேளையில் சேர்த்து நடத்திப் பாருங்கள். பத்திரிகையும் இடஒதுக்கீடும் தனித்தனித் தலைப்புகள் இல்லை என்பது மாணவர்களுக்குத் தானே தெரிந்துவிடும்.

நெருக்கடி நிலையின்போது 1975 ஜூன் 28 அன்று 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்ததையும் சொல்லலாம். எழுத்தே இல்லாத தலையங்கம் என்றால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

செல்வாக்கு தவறும்போது

பத்திரிகை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கற்பிப்பது நம் வேலை அல்ல. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக வந்த செய்திகளை 'நியூயார்க் டைம்ஸ்' போதிய சரிபார்ப்பு இல்லாமல் வெளியிட்டது. போர் நடந்தது. 2004 மே மாதம், தன் செய்திகள் சிலவற்றில் தேவையான கண்டிப்பு இல்லை என்று அந்த நாளிதழே வாசகர்களுக்கு எழுதியது. இறந்தவர்கள் திரும்பவில்லை. ஆனால் யார் எழுதியது, எந்தத் தேதியில், எதன் அடிப்படையில் என்று தேடிக் கேட்க ஒரு முகவரி இருந்தது.

முகவரியே இல்லாத செய்தி என்ன செய்யும் என்பதை நம் மாவட்டம் அறியும். 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே ஒரு பள்ளி மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து நடந்த போராட்டம், 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வன்முறையாக வெடித்தது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன, வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. வாட்ஸ்அப் குழுக்கள் வழியே ஆட்கள் திரட்டப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. ஒரு குடும்பத்தின் துயரமும் நியாயமான கேள்விகளும் ஒரு பக்கம் இருக்க, யார் எழுதியது என்றே தெரியாத தகவல்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி ஓடின. அவற்றுக்கு ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. நம் மாணவர்களின் அண்ணன்கள் வயதில் இருந்தவர்கள் வழக்குகளில் சிக்கினார்கள். அதற்குப் பின்தான் நான் பத்திரிகைப் பாடத்தை ஒரு மதிப்பெண் பகுதியாக நடத்துவதை நிறுத்தினேன்.

மழைக்காலத்தில் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று வரும் பழைய செய்தியிலிருந்து நான் தொடங்குவது வழக்கம். இதில் மாணவர்களின் ஆர்வத்துக்குக் குறைவே இருக்காது! எந்தத் தேதி? எந்த மாவட்டம்? சொன்னது யார்? ஆட்சியர் அறிவிப்பு எங்கே? இந்த நான்கு கேள்விகளுக்குப் பின் பெரும்பாலான 'விடுமுறைகள்' கரைந்துவிடும், சோகமாகத்தான். அதன் பிறகு ஒரே நாளின் இரண்டு நாளிதழ்களைக் கொடுத்து, ஒரே செய்தியின் இரண்டு தலைப்புகளைப் பலகையில் எழுதச் சொல்கிறேன். ஒன்றில் 'வலியுறுத்தினர்', மற்றதில் 'ரகளை' என்று இருக்கும். நடந்தது ஒரே சம்பவம். வினைச்சொல்லை மட்டும் பார்த்தாலே யார் பக்கம் நின்று எழுதினார்கள் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆசிரியர் ஓய்வறையிலும் கிளை நூலகத்திலும் கிடக்கும் பழைய பேப்பர் போதும். கல்வராயன் மலையில் பணிபுரியும் நண்பர் ஒருவர், அங்கே தாள் வந்து சேர்வது தாமதம் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கிப் போய் இதைச் செய்கிறார். முந்தைய வாரம் 'நடக்கும்' என்று எழுதியது நடந்ததா என்று சரிபார்க்க அந்தத் தாமதமே உதவுகிறதாம்.

எங்கள் வகுப்பில் இப்போது சார்ட் அட்டையில் ஒரு சுவர் இதழ் வெளிவருகிறது. மாதத்துக்கு ஒரு மாணவர் அதற்கு 'ஆசிரியர்'. நேரில் பார்த்தது அல்லது இருவரிடம் கேட்டது மட்டுமே இடம்பெறும் என்பது அவர்களே போட்ட விதி. முதல் இதழில், மாணவியர் கழிப்பறைக் குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்ற செய்தியைப் போடலாமா என்று பெரிய விவாதம். தலைமையாசிரியர் கோபிப்பார் என்று ஒரு தரப்பு. உண்மைதானே என்று இன்னொரு தரப்பு. ஆசிரியராக இருந்த மாணவி போட்டுவிட்டாள். இரண்டாம் நாள் பிளம்பர் வந்தார். அடுத்த இதழுக்கு 'தண்ணீர் வந்தது' என்று தலைப்பு எழுதிக்கொண்டு வந்த பையனிடம், காலையில் மட்டும்தான் வருகிறது, மதியம் வருவதில்லை என்று சொல்லி, தலைப்பைத் திருத்தி எழுதி வரச் சொல்லி அவள் திருப்பி அனுப்பினாள்.